கண் விழித்த மணியை எண்ணுங்கள்: புதிதாக லோரி ஓட்ட வருபவர்களுக்கு

ஜி.டி.எல். என்ற சரக்கு வண்டி உரிமம் கையில் கிடைத்துவிட்டால், மலேசியாவில் எங்கள் பீடோர் பக்கத்துப் பையன்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. செம்பனைக் குலை ஏற்றும் லோரி, ஆலையிலிருந்து எண்ணெய் கொண்டுபோகும் டேங்கர், உரம், மணல் என்று ஏதாவது ஒரு தவுக்கே (முதலாளி) ஆள் தேடிக்கொண்டுதான் இருப்பார். ரிவர்ஸ் எடுப்பது, பிரேக்குக்குக் காற்று ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது, தார்ப்பாய் கட்டுவது எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். தூக்கத்தை எப்படிச் சமாளிப்பது என்பதை மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. எனக்கும் சொல்லித் தரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டி, முட்டி தேய்ந்து, இப்போது யார்டில் புதுப் பையன்களுக்கு வண்டி காட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் வாரம் அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு டேப் வாங்குங்கள்

ஹார்ட்வேர் கடையில் மாஸ்கிங் டேப் ஒன்றும் மார்க்கர் பேனா ஒன்றும் வாங்குங்கள். தினமும் லோரியில் ஏறியதும் விரல் நீளத்துக்கு டேப்பைக் கிழித்து மீட்டருக்குக் கீழே ஒட்டி, அன்று எத்தனை மணிக்குக் கண் விழித்தீர்கள் என்று எழுதுங்கள். பக்கத்திலேயே 16 மணி நேரத்தைக் கூட்டி எழுதுங்கள். காலை 5 என்றால் இரவு 9. அந்த மணி வரும்போது வண்டி எங்காவது நின்றிருக்க வேண்டும்.

புதியவர்கள் எல்லோரும் ஸ்டியரிங்கைப் பிடித்த மணியை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறார்கள். "இன்னிக்கு நாலு மணி நேரந்தான்ண்ணே ஓட்டினேன், டயர்டே இல்ல" என்பான் பையன். எழுந்தது எப்போது என்று கேட்டால் விடியற்காலை நாலரை என்பான். லோரி ஓட்டிய மணி, ஆலை வாசலில் காத்துக் கிடந்த மணி, டயர் மாற்றிய மணி எல்லாமே உடம்புக்கு ஒரே கணக்குதான்.

16 மணி நேரம் என்பது நானாகப் பிடித்த எண் இல்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்த ஒருவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரைப் போலத் தடுமாறுகின்றன என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-ல் சோதித்துக் காட்டினார்கள். 24 மணி நேரம் என்றால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் நாட்டில் 2020-ல் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது என்று வரம்பைக் குறைத்தார்களே, அதுவும் இதே 0.05 தான். வாயில் ஊதவைத்துப் பிடிக்க முடியாத போதை இது. அதனால் 17-க்கு ஒரு மணி முன்னாலேயே நிறுத்தச் சொல்கிறேன்.

எனக்கு இது புத்தியில் ஏறியது ஓர் இரவில். அப்போது டேங்கர் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலை 5 மணிக்கு எழுந்து, பகலில் உள்ளூர் ட்ரிப் ஒன்றை முடித்துவிட்டு, மாலையில் ஓர் ஆலைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஆறு டேங்கர். எண்ணெய் ஏற்றி, சீல் வைத்து, டிம்பாங்கில் எடை போட்டு வெளியே வரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. போக வேண்டியது கிள்ளான் துறைமுகம். பீடோர் டோலில் கார்டைத் தொட்டது ஞாபகம் இருக்கிறது. சுங்காய் கடந்தது அரைகுறையாக ஞாபகம். அதற்குப் பிறகு இடது பக்க டயர் ஓரக்கோட்டில் ஏறி டுர்ர்ர் என்று அதிர்ந்ததுதான். கண் மூடியிருந்ததாகக்கூட எனக்குத் தோன்றவில்லை; திறந்துதான் இருந்திருக்கும், பார்வைதான் இல்லை. முன்னால் தஞ்சோங் மாலிம் பலகை வருகிறது. சிலிம் ரிவர் எங்கே போனது? அடுத்து வந்த ஓய்வுத் தளத்தில் நுழைந்து, ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுக் கையைப் பார்த்தேன். உள்ளங்கை இரண்டும் ஈரம். அன்று நான் ஓட்டியது மொத்தம் ஐந்து மணி நேரம்கூட வராது. விழித்திருந்ததோ இருபது மணி நேரம்.

ஆலை வரிசையில் தூங்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தோட்டத்துப் பக்கம் லோரி ஓட்டுபவரைக் களைப்படைய வைப்பது நெடுஞ்சாலையைவிடக் காத்திருப்புதான். குலை வெட்டி விழுந்ததிலிருந்தே பழத்தில் கொழுப்பமிலம் ஏறத் தொடங்கிவிடும். நசுங்கிய பழத்தில் இன்னும் வேகமாக ஏறும். அமிலம் ஏறினால் எண்ணெய்க்கு விலை குறையும். 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகட்டும் என்று தோட்டத்தில் விரட்டுவது அதனால்தான். மகசூல் உச்சத்தில் இருக்கும் மாதங்களில், ஆகஸ்டு செப்டம்பர் வாக்கில், எல்லாத் தோட்டமும் ஒரே நேரத்தில் விரட்டும். ஆலை வாசலில் லோரிகள் வால் பிடித்து நிற்கும்.

அந்த நேரத்தில் பெரும்பாலோர் என்ன செய்கிறார்கள்? கேன்டீனில் தே தாரிக், சிகரெட், கைத்தொலைபேசியில் வீடியோ. மூன்று மணி நேரம் சும்மா இருந்தோம் என்று நினைத்துக்கொண்டு வெளியேறுகிறார்கள். சும்மா இருப்பது வேறு, தூங்குவது வேறு. நீங்கள் போனவுடன் பின்னால் நிற்கும் ஓட்டுநரிடம் சொல்லுங்கள்: "அண்ணே, நான் கொஞ்சம் கண் அசர்றேன், வரிசை நகர்ந்தா ஒரு ஹார்ன் அடிங்க." அடுத்த முறை நீங்கள் அவருக்கு ஹார்ன் அடியுங்கள். இது எங்கள் காலத்திலிருந்தே உள்ள பழக்கம். கெலிண்டான் (லோரி உதவியாள்) இருந்தால் இன்னும் நல்லது, அவரைக் காவலுக்கு வைத்துவிட்டுச் சாயலாம்.

ஒன்று மட்டும் வேண்டாம். வெயிலுக்கு நிழல் என்று டிரெய்லருக்கு அடியில் சாரோங்கைத் தூளி மாதிரி கட்டிப் படுப்பார்கள். காற்று ஜிலுஜிலு என்று இருக்கும், உண்மைதான். வரிசையில் யாராவது உங்கள் வண்டியை நகர்த்தினால், அல்லது பின்னால் வந்தவர் முட்டினால், அடியில் ஓர் ஆள் இருப்பது யாருக்குத் தெரியும்? கேபினுக்குள் புழுங்கினாலும் கேபினுக்குள்தான் தூங்க வேண்டும். பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.

பகல் தூக்கத்துக்கு வீட்டைத் தயார் செய்யுங்கள்

இரவு ட்ரிப் ஓட்டுபவர் பகலில் ஏழு மணி நேரம் தூங்க வேண்டும். சொல்வது சுலபம். லைன் வீட்டிலோ தாமானில் மலிவு வீட்டிலோ கூரை சூடேறி, பிற்பகல் ஒரு மணிக்கு மெத்தை வேகும். பக்கத்து வீட்டில் ரேடியோ. பிள்ளைகள் பள்ளி விட்டு வருவார்கள். ஆடி மாதம் என்றால் கோயில் ஒலிபெருக்கி.

அதனால் காலையில் வீடு திரும்பியதும் நேரே படுக்கைக்குப் போய்விடுங்கள். ஒன்பது மணிக்குப் பசியாறிவிட்டு, மார்க்கெட் போய்விட்டு, மோட்டாரைக் கழுவிவிட்டுப் படுக்கலாம் என்றால் சூடு ஏறியிருக்கும், தூக்கம் வராது. எட்டு மணிக்குள் படுத்தால் வெயில் ஏறுவதற்குள் பாதித் தூக்கம் கிடைத்துவிடும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணியோ, கார் கண்ணாடியில் வைக்கும் வெள்ளி மறைப்போ போதும். அறை இருட்டாக இருந்தால்தான் உடம்பு இரவு என்று நம்பும்.

கைத்தொலைபேசியை மனைவியிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிடுங்கள். கம்பெனியிலிருந்து அழைத்தால் அவர்களே சொல்லட்டும்: "அவரு தூங்குறாருங்க, மூணு மணிக்கு எழுப்புறேன்." முதல் முறை கூச்சமாக இருக்கும். நான்கு முறை சொன்ன பிறகு கிராணியே (கம்பெனி குமாஸ்தா) மூன்று மணிக்குத்தான் கூப்பிடுவார்.

ஒரு நாள் இரண்டு மணி நேரம் குறைந்தால் அது அன்றோடு போவதில்லை, கடன் மாதிரி ஏறிக்கொண்டே வரும். வாரக் கடைசியில் ஒரே நாளில் முழுதும் அடைத்துவிடவும் முடியாது.

கண் சொக்கும் நேரத்தைச் சுற்றி வழியைத் திட்டமிடுங்கள்

நீங்கள் எவ்வளவு தூங்கியிருந்தாலும் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பின்னிரவு 2 முதல் 6 வரை அது படு என்று சொல்லும். பிற்பகல் 2 முதல் 4 வரை கொஞ்சம் மெதுவாகச் சொல்லும்; மதியம் ஒரு தட்டு நாசி கண்டார் உள்ளே போயிருந்தால் உரக்கவே சொல்லும். மதியத்தில் பாதி வயிறு சாப்பிடுங்கள், மீதியைத் தாப்பாவ் கட்டிக்கொள்ளுங்கள்.

தெற்கே ஜோகூரில் உள்ள பாசிர் கூடாங் ட்ரிப்பை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பீடோரிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல். மாலை வரை தூங்கி எழுந்து இரவு 10 மணிக்குக் கிளம்பினால், 1 மணி வாக்கில் சிரம்பான் பக்கம் இருப்பீர்கள். சொக்கும் நேரம் தொடங்குவதற்குச் சற்று முன். அங்கேயே ஓய்வுத் தளத்தில் நுழைந்து தூங்கிவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம். ஆயர் குரோ, பாகோ, மச்சாப் என்று அடுத்தடுத்து இடம் இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் ஓட்டலாம் என்று தோன்றும். அங்கே போய்ச் சேரும்போது லோரி நிறுத்தும் இடம் நிரம்பியிருக்கும். பின்னிரவில் எல்லா லோரியும் ஓய்வுத் தளத்தைத்தான் தேடும். இடம் கிடைக்காதவர் அவசரத் தடத்தில் நிறுத்துவார். அதைச் செய்யாதீர்கள். விளக்கணைத்து அவசரத் தடத்தில் நிற்கும் டிரெய்லர், பின்னால் வரும் காருக்கு இரும்புச் சுவர். நடுவழியில் வண்டி பழுதாகி வேறு வழியில்லாமல் நின்றால், முக்கோணத்தை வண்டியிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்துவிட்டு, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, பிளஸ் நெடுஞ்சாலையின் 1800-88-0000 எண்ணுக்கு அழையுங்கள்.

எப்போது நிறுத்துவது?

கொட்டாவி எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். அதற்குப் பிறகு வருபவைதான் ஆபத்தானவை. கடைசியாக எந்த ஊரைக் கடந்தோம் என்று நினைவில்லை. இறங்க வேண்டிய டோலைத் தாண்டிவிட்டோம். முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு எரிந்ததைப் பார்த்தோம், கால் மட்டும் தாமதமாக நகர்ந்தது. காரணமில்லாமல் எல்லார் மீதும் கோபம் வருகிறது. இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த ஓய்வுத் தளத்தில் நுழையுங்கள். இரண்டாவதுக்குக் காத்திருக்க வேண்டாம்.

மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் லோரி ஒரு விநாடியில் 22 மீட்டர் நகர்கிறது. நான்கு விநாடி கண் செருகினால் கிட்டத்தட்ட 90 மீட்டர், பள்ளிக்கூடத் திடலின் இந்தக் கோலிலிருந்து அந்தக் கோல் வரை, யாரும் ஓட்டாத லோரி. அதுவும் பின்னால் எண்ணெய் அலம்பிக்கொண்டிருக்க.

ஜன்னலைத் திறப்பது, பாட்டை உரக்க வைப்பது, கன்னத்தில் அறைந்துகொள்வது, ஐஸ் தண்ணீரை முகத்தில் ஊற்றுவது, ஆசாம் போய் என்ற புளிப்பு உலர்பழத்தை மெல்லுவது என்று நான் எல்லாவற்றையும் செய்து பார்த்தவன். ஒவ்வொன்றுக்கும் சில நிமிஷம்தான் ஆயுள். அந்தச் சில நிமிஷத்தை அடுத்த நிறுத்தம் வரை போய்ச் சேரப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான்.

கோப்பி குடித்துவிட்டுத் தூங்குங்கள்

தலைகீழாகத் தோன்றும், ஆனால் சரி. கோப்பியில் உள்ள கஃபைன் இரத்தத்தில் ஏறி வேலை செய்ய 20 முதல் 30 நிமிஷம் ஆகும். கடையில் கோப்பி ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி) ஒரு கப் வாங்கி மடமடவென்று குடித்துவிடுங்கள். லோரிக்குத் திரும்பி, அலாரத்தை 20 நிமிஷத்துக்கு வைத்துவிட்டு உடனே சாயுங்கள். முழுத் தூக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை, கண்ணை மூடிக் கிடந்தால் போதும். அலாரம் அடிக்கும்போது கோப்பியும் எழுப்பும். அரை மணிக்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்து, எழும்போது தலை மந்தமாக இருக்கும். அந்த மந்தம் தெளியும் வரை வண்டியை எடுக்கக் கூடாது. எழுந்ததும் இறங்கி, டயரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள். அது எப்படியும் செய்ய வேண்டிய வேலை.

கோப்பித் தூக்கம் என்பது ஒட்டுப்போட்ட டியூப் மாதிரி. ஒன்றரை, இரண்டு மணி நேரம் தாங்கும். டேப்பில் எழுதிய மணியைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் இருபது நிமிஷம் பத்தாது, முழுத் தூக்கம்தான் வேண்டும். கோப்பியின் பாதிச் சக்தி குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். காலை எட்டுக்குப் படுக்கப்போகிறவர் விடியற்காலை நாலுக்கு மேல் குடித்தால் பகல் தூக்கம் கெடும்.

கேபினில் தூங்கும்போது எஞ்சினை அணைத்து, ஜன்னலை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி வையுங்கள். கொசுவுக்காகக் கொசுவத்தியைக் கொளுத்தி மூடிய கேபினில் வைக்காதீர்கள். கொசுவலைத் துணியை ஜன்னலில் கிளிப் போட்டு மாட்டலாம்.

மருந்து விஷயம்

சளி, அரிப்பு என்று கிளினிக் போனால் மஞ்சள் நிறத்தில் சின்ன மாத்திரை கொடுப்பார்கள், பிரிட்டோன். இருமல் மருந்துகள் பலவற்றிலும் இதே வகைச் சரக்கு இருக்கிறது. தூக்கத்தை அழைத்து வரும். "டாக்டர், நான் லோரி ஓட்டுறேன்" என்று முதலிலேயே சொன்னால் தூக்கம் தராத வேறு மாத்திரை எழுதித் தருவார்.

பில் குடா என்ற போதை மாத்திரையையும் கெத்தும் இலைத் தண்ணியையும் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. யார்டில் யாராவது பெரியவர் தோளில் கைபோட்டு, "இதப் போடுடா தம்பி, ஜோகூர் வரைக்கும் கண் மூடாது" என்பார். கண் மூடாது, உண்மை. போதை இறங்கும்போது இரண்டு நாள் தூக்கம் சேர்ந்து ஒரே அடியாக விழும், எந்த இடத்தில் விழும் என்று தெரியாது. சிறுநீர்ச் சோதனையில் மாட்டினால் வேலை, உரிமம் எல்லாம் போகும்.

குறட்டையைச் சிரித்துக்கொண்டே விட்டுவிடாதீர்கள். குறட்டை நடுவில் சில விநாடி நின்று, பிறகு திணறி மூச்சு இழுக்கிறீர்கள் என்று மனைவி சொன்னால், எட்டு மணி நேரம் படுத்தாலும் நீங்கள் தூங்கவில்லை என்று பொருள். கழுத்துப் பருமன், தொப்பை உள்ளவர்களுக்கு இது அதிகம். அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். அங்கிருந்து மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள், தூக்கச் சோதனை செய்து மூக்கில் மாட்டும் காற்று இயந்திரம் வரை சிகிச்சை இருக்கிறது. போகும்போது சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம்மவர்களிடம் இன்னும் கூடுதல். சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் ஸ்டியரிங் முன்னால் தலை சுற்றும்.

முடியாது என்று சொல்லும் முறை

இதுதான் கஷ்டமான படி. புதிதாக வந்தவர், ட்ரிப்புக்கு இவ்வளவு என்று காசு, மோட்டாருக்கு மாதத் தவணை. முடியாது என்று வாய் வருமா? வேலையில் சேரும்போதே அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ட்ரிப் காசு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. முழுக்க முழுக்க ட்ரிப் காசுதான் என்று சொல்லும் இடத்தில், தூங்கினால் பட்டினி என்றுதான் அர்த்தம்.

1955 வேலைச் சட்டத்தில் நான்கு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இடைவேளை இல்லாமல் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, குறைந்தது 30 நிமிஷம் ஓய்வு தர வேண்டும். 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம். கூடுதல் நேரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 12 மணி. மாதத்துக்குக் கூடுதல் நேரம் 104 மணி. சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவை தினசரி நடைமுறைக்கு எழுதப்பட்டவை அல்ல. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தமும் இருக்கிறது: உடனடி ஆபத்து இருப்பதை முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ள ஊழியருக்கு உரிமை உண்டு.

ஆனால் சட்டப் பிரிவை எடுத்துக்கொண்டு போய் தவுக்கே முகத்தில் வீசாதீர்கள். மணியைச் சொல்லுங்கள், மாற்று வழியையும் கூடவே சொல்லுங்கள். "போஸ், சாயா பாங்குன் புக்குல் லிமா பாகி, சுடா எனாம் பெலாஸ் ஜாம். பெசோக் புக்குல் எனாம் சாயா கெராக்." அதாவது, காலை ஐந்துக்கு எழுந்தேன், பதினாறு மணி நேரம் ஆகிவிட்டது, நாளை ஆறு மணிக்குக் கிளம்புகிறேன். இவ்வளவுதான். களைப்பாக இருக்கிறது என்றால் எல்லோருக்கும்தான் களைப்பு என்பார். பதினாறு மணி நேரம் என்றால் பதில் யோசிக்க வேண்டியிருக்கும். நம்ம ஆள் கிராணி என்றால் இன்னும் சிக்கல், பாசத்தில் தள்ளுவார்: "என்னடா தம்பி, துறைமுகத்துல கப்பல் காத்துக்கிட்டு இருக்கு, இந்த ஒரு தடவ மட்டும்." "அண்ணே, காலையில ஆறுக்குக் கெளம்பி ஒம்போதரைக்குள்ள கேட்ல நிக்கிறேன்" என்று நேரத்தை உறுதியாகச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் அதையே வாட்ஸ்அப்பில் இரண்டு வரியாக அனுப்பிவிடுங்கள். நாளைக்கு ஏதாவது நடந்தால், உங்களிடம் இருக்கும் எழுத்து அதுதான்.

நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு சமயத்தில் கனரக வண்டிகளுக்குச் சாலையில் தடை போடுவார்கள். தடை முடியும் நாளில் தேங்கிய சரக்கெல்லாம் ஒரே இரவில் கிளம்பும், எல்லா கிராணியும் ஒரே குரலில் பேசுவார்கள். அந்த இரவுக்கு முதல் நாளே தூங்கி வையுங்கள்.

வண்டியை நிறுத்திய பிறகு

இரவு முழுக்கக் கவனமாக ஓட்டிவிட்டு, காலை ஏழு மணிக்கு லோரியை யார்டில் விட்டதும் மனசு தளர்ந்துவிடும். அப்போதுதான் கப்சாய் மோட்டாரில் ஏறி, தோட்டத்துச் சாலையில் வீட்டுக்குப் போகிறோம். கேபின் இல்லை, பெல்ட் இல்லை, எதிரே பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய வேன்கள். எங்கள் யார்டில் இதற்காகவே கொட்டகையில் ஒரு பழைய கேன்வாஸ் கட்டில் போட்டிருக்கிறேன். கண் எரிகிறது என்றால் மோட்டார் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் படுக்க வேண்டும். உங்கள் யார்டில் கட்டில் இல்லாவிட்டால் வீட்டிலிருந்து யாரையாவது வரச் சொல்லுங்கள். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நேர் வழியில் போகும்போது நடக்கும் விபத்துக்கும் பெர்கெசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) காப்பு உண்டு. சந்தா பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டில் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.